ஆட்டிசம் உள்ள குழந்தையை ஆய்வில் சேர்க்கலாமா? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும்போது ஒருவர் வந்து, "ஒரு ஸ்டடி நடக்குது, உங்க பையனைச் சேர்க்கிறீங்களா?" என்று கேட்பார். கையில் ஏழெட்டுப் பக்கப் படிவம் இருக்கும். பையனோ அதற்குள் ஃபேன் சுவிட்சைப் பார்த்து ஓடியிருப்பான். அந்த நிலையில் யாரும் பதினைந்து வரிக்கு மேல் படிக்க முடியாது. வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியாவில் இப்போதுள்ள சட்டத்தையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளையும் வைத்து எழுதியவை.

ஆய்வு என்றால் ஊசி போட்டு, மருந்து கொடுத்துப் பார்ப்பதா?

பெரும்பாலானவை அப்படி இல்லை. உங்களைத் தேடி வரும் ஆய்வுகளில் பாதிக்கு மேல் கேள்வித்தாளும் பேனாவும்தான். குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறது, தூக்கம் எப்படி என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். 'இசா' என்று சொல்லப்படும் இந்திய ஆட்டிச அளவுகோலில் மட்டும் 40 கூற்றுகள் இருக்கின்றன. இன்னும் சிலர் குழந்தை விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள், டேப்லெட்டில் பபிள் உடைக்கும் விளையாட்டைக் கொடுத்து விரல் எப்படிப் போகிறது என்று பதிவு செய்வார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை, மருந்து ஆகியவை அடுத்த நிலை.

பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, அதனால் குழந்தையிடம் மாற்றம் வருகிறதா என்று பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரே சமயத்தில் 'பாஸ்' என்ற ஆய்வு நடந்தது. 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகள் அதில் இருந்தார்கள். சிறப்பு மருத்துவர் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சி பெற்ற சாதாரண களப்பணியாளர்கள் போய், அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்று பேசினார்கள். குழந்தை தானாக அம்மாவிடம் தொடர்பு கொள்ளும் முயற்சி கூடியதாக 2016இல் முடிவு வெளிவந்தது. நிபுணர்கள் பெருநகரங்களில் மட்டுமே இருக்கும் நம் நாட்டுக்கு இது பெரிய செய்தி. அந்த 65 குடும்பங்கள் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

சேர்ந்தால் என் குழந்தைக்கு நல்லது நடக்குமா?

நடக்கலாம். ஆனால் அதை நம்பிச் சேராதீர்கள்.

டாக்டர் சிகிச்சை தரும்போது அவர் கேள்வி "இந்தக் குழந்தைக்கு எது நல்லது?" என்பது. அதே டாக்டர் ஆய்வு நடத்தும்போது கேள்வி "இந்த முறை பொதுவாக வேலை செய்கிறதா?" என்று மாறிவிடுகிறது. அறை அதே அறைதான், கோட்டும் அதே வெள்ளைக் கோட்டுதான், அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நல்ல மனதுள்ள பெற்றோர்கூட ஆய்வை இலவச சிகிச்சை என்று எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கும் ஸ்பீச் தெரபியை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வு ஆறு மாதத்தில் முடிந்துவிடும். நிறுத்திய இடத்தில் மறுபடி ஸ்லாட் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் தெரபியைத் தொடரக் கூடாது என்று ஆய்வில் நிபந்தனை இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு தடவை யோசியுங்கள்.

உறுதியாகக் கேட்டு வாங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆய்வுக்காகக் குழந்தைக்கு முழு மதிப்பீடு செய்வார்கள். வெளியே காசு கொடுத்துச் செய்தால் சில ஆயிரம் ஆகும். அந்த அறிக்கையின் நகல் எங்களுக்குக் கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். சில ஆய்வுகளில் தருவார்கள், சிலவற்றில் தர மாட்டார்கள், கேட்காதவர்களுக்கு எங்கேயும் தர மாட்டார்கள்.

குலுக்கலில் எங்களுக்குப் போலி மருந்து விழுந்தால்? அது குழந்தைக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பல ஆய்வுகளில் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு மருந்தே கலக்காத போலி என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பார்கள். இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

1998இல் செக்ரெட்டின் என்ற ஹார்மோனைச் செலுத்தியதும் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்ததாக அமெரிக்காவில் ஒரு செய்தி வந்தது. பெற்றோர்கள் கிளினிக் கிளினிக்காக அலைந்து அந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே முறையான ஆய்வு நடந்தது. 60 குழந்தைகள், பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுவிலும் முன்னேற்றம் ஒரே மாதிரிதான். உப்புநீர் போட்ட குழந்தைகளிடமும் பெற்றோர் முன்னேற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் மறக்க முடியாதது அடுத்து நடந்ததுதான். பலன் இல்லை என்ற முடிவைச் சொன்ன பிறகும், அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெட்டின் சிகிச்சையில் இன்னும் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள். நம் ஆசைக்கு அவ்வளவு பலம்.

ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனின் மூக்கு ஸ்பிரேயும் இப்படித்தான் பேசப்பட்டது. 3 முதல் 17 வயது வரை 290 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. போலி ஸ்பிரேயை விட மேலாக எதுவும் இல்லை. இந்த ஆய்வுகளில் போலி மருந்துக் குழுவில் இருந்த குழந்தைகள் எதையும் இழக்கவில்லை. தேவையில்லாத மருந்து உடம்பில் ஏறாமல் தப்பித்தார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ரிஸ்பெரிடோன் என்ற மருந்து 101 குழந்தைகளிடம் 8 வாரம் சோதிக்கப்பட்டு, கடுமையான எரிச்சல், அடித்துக்கொள்ளுதல் போன்றவற்றைக் குறைப்பதாக 2002இல் தெரியவந்தது. ஆட்டிசத்தின் அடிப்படையை அது மாற்றுவதில்லை. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததே போலி மருந்துக் குழு ஒன்று இருந்ததால்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, ஆய்வில் சேர இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா? இரண்டு, மருந்தோ பயிற்சியோ உண்மையிலேயே பலன் தருவதாகத் தெரிந்தால், கிடைக்காத குழுவுக்குப் பிறகு தருவார்களா? பயிற்சி ஆய்வுகளில் பல சமயம் 'காத்திருப்போர் குழு' என்று வைத்து, சில மாதம் கழித்து அவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

இது உண்மையான ஆய்வா, யாரோ பெயருக்கு நடத்துவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வு முறையானதா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் குழு இது, மருத்துவமனைக்காரர்கள் 'எத்திக்ஸ் கமிட்டி' என்பார்கள். குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவரும் மருத்துவத் துறை சாராத சாதாரண நபரும் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் குழுவின் பெயரும் தொடர்பு எண்ணும் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சிடிஆர்ஐ எண். மருந்தோ பயிற்சியோ கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுகளைப் பதிவு செய்ய ஐ.சி.எம்.ஆர். 2007இல் தொடங்கிய பொதுப் பதிவேடு இது. மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணில் வருடமும் மாதமும் இருக்கும். ஃபோனிலேயே, காசு எதுவும் இல்லாமல், யார் நடத்துகிறார்கள், யார் பணம் போடுகிறார்கள், எந்த ஊர் மருத்துவமனைகள், எத்தனை வயது வரை, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று எல்லாவற்றையும் பார்க்கலாம். உங்களிடம் சொன்னதும் அங்கே எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கேள்வித்தாள் மட்டும் உள்ள ஆய்வு இதில் இல்லாமல் போகலாம், அதில் தப்பில்லை.

மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6. மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வடிவத்தில் ஒப்புதல் பெற வேண்டும். அதோடு அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும், அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆட்டிசமும் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. "பிரிவு 6 அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியைக் கேட்டதும் எதிரே இருப்பவர் உட்காரும் விதமே மாறும்.

ஸ்டெம் செல் 'ஆய்வில்' சேரப் பல லட்சம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம்.

ஆய்வில் பங்கேற்பவரிடம் அந்த ஆய்வுக்காகப் பணம் வாங்குவதே முறையல்ல. ஸ்டெம் செல் விஷயத்தில் கூடுதலாக ஒன்று: ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது மருத்துவரின் தொழில் ஒழுக்கமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து கேட்பவர்களிடம் இதைச் சொல்லும்போது கஷ்டமாக இருக்கிறது. அட்வான்ஸ் கட்டியிருந்தாலும், மீதியைக் கட்டாமல் இருப்பதே லாபம்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சும்மா கையெழுத்துதானே என்கிறார்கள்.

தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. தமிழில் தந்தாலும், சில படிவங்களின் தமிழ் யாருக்கும் புரியாது. அப்படியிருந்தால் எதிரே உட்காரவைத்து, பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கேட்டபின் நீங்கள் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "அப்ப, மாசம் ரெண்டு தடவை வரணும், ஒரு தடவை ரத்தம் எடுப்பீங்க, பாதியில வேணாம்னா நிறுத்திக்கலாம், சரியா?" என்று நீங்கள் சொல்வதற்கு அவர் ஆமாம் என்றால் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். புதிய மருந்து மூலக்கூறு ஒன்றைக் குழந்தைகளிடம் சோதித்தால் ஒப்புதல் பெறும் பேச்சையே வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. கேமரா வைத்தால் பயப்படாதீர்கள், அது உங்கள் பாதுகாப்புக்கு.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு அடுத்த முறை கையெழுத்துப் போடலாம். "இன்னைக்கே போடணும்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் உங்களுக்குச் சொந்தம்.

கணவர் துபாயில் இருக்கிறார். நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா? மாமியாருக்கு விருப்பமில்லை.

ஆபத்து மிகக் குறைவாகவோ, குழந்தைக்கு நேரடிப் பலன் இருக்கக்கூடியதாகவோ இருந்தால் பெற்றோரில் ஒருவர் ஒப்புதல் பொதுவாகப் போதும். ஆபத்து அதற்கு மேல், பலனும் இல்லை என்றால் இரண்டு பேருடையதும் தேவைப்படலாம். எது என்பதை நெறிமுறைக் குழு முன்பே தீர்மானித்திருக்கும்.

மாமியாரின் கையெழுத்து எந்தப் படிவத்திலும் கிடையாது. ஆனால் நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் குழந்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகப்போவது அவர்தான் என்றால், முதல் நாளே அவரையும் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் "குழந்தையை வச்சு சோதனை பண்றாங்க" என்ற பயம்தான். அங்கே இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு பிளாக்ஸ் அடுக்குவதைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

என் மகள் பேசமாட்டாள். அவளுடைய சம்மதத்தை யார் கேட்பார்கள்?

7 வயதுக்கு மேல் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். நீங்கள் ஒப்புக்கொண்டாலும், குழந்தை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும்.

பேசாத குழந்தை விஷயத்தில்தான் இது பேப்பரில் நின்றுவிடும் அபாயம் அதிகம். அவள் 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முகத்தைத் திருப்புவாளா, மணிக்கட்டைக் கடிப்பாளா, உங்கள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போவாளா, அல்லது திடீரென்று சத்தமே இல்லாமல் உறைந்துபோவாளா? கடைசியில் சொன்னது ஆபத்தானது, புதியவர்கள் அதை 'நன்றாக ஒத்துழைக்கிறாள்' என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கைந்து அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, ஆய்வு நடத்துபவரிடம் கொடுத்து, "இதில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லுங்கள். படக்கார்டோ டேப்லெட்டோ வைத்துப் பேசும் குழந்தை என்றால், 'நிறுத்து', 'வீட்டுக்குப் போகணும்' ஆகிய இரண்டும் அதில் இருக்கிறதா என்று அன்று காலையிலேயே பாருங்கள்.

இ.இ.ஜி. எடுக்க வரச் சொன்னார்கள். தலையில் சீப்பு வைத்தாலே அலறுவான். எப்படிச் சமாளிப்பது?

முதல் வேலை எண்ணெய். இ.இ.ஜி. சென்சார் ஒட்ட, தலைமுடியில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. முந்தின நாள் இரவோ அன்று காலையோ ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போக வேண்டும். தினமும் எண்ணெய் வைத்துச் சீவிப் பழகிய வீட்டில் இதை மறந்து, அங்கே போய்த் திரும்பி வருபவர்கள் நிறைய. ஏற்கெனவே ஒரு பயணம், அதில் பாதி கோபம், அதோடு வேலையும் நடக்காது.

பிறகு தொப்பி. பெரும்பாலான ஆய்வகங்களில் நீச்சல் தொப்பி மாதிரி, நாடி வரை பட்டை உள்ள ஒன்றைப் போடுவார்கள். சிலவற்றில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் ஜெல் விடுவார்கள், சிலவற்றில் உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சு. எது என்று ஃபோனில் கேளுங்கள். ஜில்லென்று ஈரம் ஒழுகுவது ஒரு குழந்தைக்குப் பிரச்சினை, ஜெல்லின் பிசுபிசுப்பு இன்னொன்றுக்கு. பழைய தொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கிவரலாம், பலர் தருவார்கள். இல்லையென்றால் இறுக்கமான நீச்சல் தொப்பி. முதல் நாள் கையில், அடுத்து அப்பா தலையில், பிறகு அவன் தலையில் ஐந்து விநாடி, பிடித்த வீடியோ ஓடும்போது அரை நிமிடம், இப்படி இரண்டு வாரம். ஏ.சி. அறை என்றால் மெல்லிய போர்வையையும், ஜெல்லைத் துடைக்க வீட்டுத் துண்டையும் எடுத்துப்போங்கள், புதுத் துண்டின் சொரசொரப்பே அழ வைத்துவிடும்.

இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நல்ல ஆய்வுக்குழு அதை எதிர்பார்த்தே கூடுதல் பேரைச் சேர்த்திருக்கும். பிடித்து அழுத்தி எடுத்த பதிவில் தசை அசைவுதான் தெரியும், யாருக்கும் பயனில்லை.

எம்.ஆர்.ஐ. என்றால் சத்தம்தான் பிரச்சினை. ஆய்வுக்காக மட்டும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றால், ஏன் என்று அழுத்திக் கேளுங்கள்.

மரபணு ஆய்வுக்கு எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் கேட்கிறார்கள். நாளைக்குப் பெரியவளுக்கு வரன் பார்க்கும்போது இது வெளியே தெரிந்துவிடுமா?

இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் எல்லார் மனதிலும் இருக்கும்.

மாதிரியின் மேல் பெயர் இருக்காது, குறியீட்டு எண் இருக்கும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் பூட்டி வைக்கப்பட வேண்டும். ஆனால் மரபணுத் தகவல் கைரேகையைப் போல ஒருவருக்கே உரியது, முழுக்க முழுக்க அடையாளமற்றதாக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே சேருங்கள். மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினால் மறுபடி கேட்பார்களா ஆகியவற்றுக்குப் படிவத்தில் தனித்தனிக் கட்டம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை என்று டிக் செய்யலாம்.

முடிவை உங்களுக்குச் சொல்வார்களா என்பது இன்னும் முக்கியம். பல ஆய்வுகளில் சொல்ல மாட்டார்கள். சொல்வதாக இருந்தால், மரபணு ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். எக்ஸ் குரோமோசோம் சம்பந்தப்பட்ட 'ஃப்ராஜைல் எக்ஸ்' என்ற மரபணுக் கோளாறு மாதிரி ஒன்று தெரியவந்தால் அது அம்மாவையும் அம்மா வழி உறவுகளையும் தொடும் செய்தி. வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பி முடிக்கும் விஷயம் அல்ல அது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் காணப்படுவதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அடுத்த குழந்தை பற்றிய யோசனையில் இருப்பவர்கள் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் தனியாக ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

ரத்தம் எடுக்கும் முன் மரத்துப்போகும் கிரீம் தடவச் சொல்லலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். எச்சில் போதும் என்றால், துப்பத் தெரியாத குழந்தைக்குக் கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் பஞ்சுக் குச்சி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீடியோ எடுக்கிறார்கள். அது எங்கே போகும்?

எங்கே சேமிப்பார்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதும், மாநாட்டிலோ வகுப்பிலோ காட்டத் தனி அனுமதி கேட்கிறார்களா என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். களப்பணியாளர் தன் சொந்த ஃபோனில் எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பாதியில் விலகினால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா? தெரபியை நிறுத்திவிடுவார்களா?

விலகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையில் எதையும் குறைக்கக் கூடாது. இது சலுகை இல்லை, விதி. மருந்து ஆய்வு என்றால் மட்டும் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக நிறுத்துங்கள்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் கோபம் அல்ல, தயக்கம். பத்து வருடமாகப் பார்க்கும் டாக்டர் கேட்டால் முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. அப்படியென்றால் அவரிடம் சொல்லாமல், ஆய்வு உதவியாளரிடம் சொல்லலாம், அல்லது ஒரு மெசேஜ் போதும்: "எங்களால் தொடர முடியவில்லை, நன்றி." அதுவரை எடுத்த தகவலை வைத்துக்கொள்ளலாமா, அழிக்க வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் தருவார்களா?

பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் கூலி போனதற்கு ஈடு ஆகியவற்றைத் தரலாம், கேட்டு வாங்குங்கள். ஆசை காட்டும் அளவுக்குப் பெரிய தொகை தருவதாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச மருத்துவமும் நஷ்டஈடும் உண்டு. மருந்துச் சோதனை என்றால் 2019 விதிகள் கறாரானவை: கடுமையான பாதிப்பு நேர்ந்தால், ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வுக்குப் பணம் போடுபவருக்கும் தெரிவிக்க வேண்டும். எனவே காய்ச்சலோ, வலிப்போ, சாப்பிடாமல் இருப்பதோ, சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் யோசிக்காமல் ஃபோன் செய்துவிடுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். காலண்டர் பேப்பரின் பின்பக்கம் எழுதியதும் ஆதாரம்தான்.

ஆய்வில் கொடுத்த மதிப்பெண் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பாதிக்குமா?

பாதிக்காது. சான்றிதழ் அரசு நியமித்த மருத்துவ அதிகாரிகள் தருவது. ஆய்வுத் தாள் அங்கே போகாது, போகவும் கூடாது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று சொன்னதும் ஓர் ஆய்வுதானே? பிறகு எதை நம்புவது?

அந்த ஆய்வின் கதையைத் தெரிந்துகொண்டால், மேலே சொன்ன படிவமும் குழுவும் எதற்கு என்று புரியும். லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது 12 குழந்தைகளைப் பற்றியது மட்டுமே. ஒப்பிட வேறு குழு கிடையாது. அந்தக் குழந்தைகளுக்கு உரிய நெறிமுறை அனுமதி இல்லாமல் குடல் உள்நோக்கிச் சோதனையும், முதுகுத்தண்டு நீர் எடுப்பதும் நடந்திருக்கின்றன. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் தலைக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்திருக்கிறார். பிரிட்டன் மருத்துவக் கழகம் விசாரித்து 2010இல் அவர் பெயரை மருத்துவர் பட்டியலில் இருந்து நீக்கியது. 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பின் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் எதிலும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

என் மகனுக்குப் பாதிப்பு அதிகம். 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வலிக்கும். ஆனால் இது உங்கள் மகனைப் பற்றிய தீர்ப்பு இல்லை, ஆய்வாளர்களின் வசதி பற்றியது. உட்கார்ந்து டேப்லெட்டைத் தொடும் குழந்தையை வைத்து வேலை செய்வது சுலபம். அதனால் பேசாத குழந்தைகள், வலிப்பு உள்ளவர்கள், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தவர்கள், பெண் குழந்தைகள் உலகம் முழுக்கவே ஆய்வுகளில் குறைவு. அதிகம் உதவி தேவைப்படுபவர்களைப் பற்றித்தான் குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருப்பி அனுப்பும்போது ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்துப் பாதுகாப்புக்காக என்றால் ஏற்கலாம். 'நடத்தை கட்டுக்குள் இல்லை' என்றால், வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் போடுகிறார்களே, அதையும் நிரப்பலாமா?

வழிகாட்டும் பேராசிரியர் பெயர், கல்லூரி, நெறிமுறை அனுமதி மூன்றும் முதல் பக்கத்தில் இருந்தால் நிரப்பலாம். குழந்தையின் பெயர், ஆதார் எண், மாற்றுத்திறனாளி அட்டை எண் கேட்டால் மூடிவிடுங்கள்.

இப்போது கையெழுத்துப் போட்டால், அவனுக்கு 18 வயது ஆனபிறகும் அது செல்லுமா?

ஆய்வு இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலோ மாதிரியை வைத்திருந்தாலோ, அவனிடம் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும். தானாக முடிவெடுக்க இயலாத நிலை என்றால், 18க்குப் பிறகு பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டும். ஆய்வுக்காக இல்லாவிட்டாலும் இது தேவைப்படும், 17 வயதிலேயே தயாராகுங்கள்.

ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்களா? சொல்லாவிட்டால் யாரிடம் போவது?

சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை. கடைசி நாளன்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் நன்றியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருடம் கழித்து ஆங்கில இதழில் கட்டுரை வரும். சேரும்போதே, முடிவுகளை ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாகத் தர வேண்டும் என்று கேட்டு, உங்கள் முகவரியை எழுதிக்கொடுங்கள். சிடிஆர்ஐ எண்ணை ஃபோனில் சேமித்து வைத்தால், ஆய்வு முடிந்ததா, நிறுத்தப்பட்டதா என்று நீங்களே பார்க்கலாம். சொன்னபடி நடக்கவில்லை என்றால் ஆய்வு நடத்தும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல், படிவத்தில் உள்ள நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம். ஆய்வின் பெயர், சேர்ந்த தேதி, என்ன நடந்தது என்ற மூன்றும் போதும், படிவத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.